வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஜோடி சக்கரம்

டிங்.

இறுகக் கட்டிய சைக்கிள் சக்கரத்தின் கம்பியை நகத்தால் சுண்டினால் வருகிற சத்தம் அது. தளர்ந்த கம்பி இப்படிப் பாடாது. தொண்டை கட்டிய ஆள் போல 'டப்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடங்கிவிடும். போன வாரம் வேலூரில் ஒரு சைக்கிள் கடையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கியர் வைத்த மலைச் சைக்கிள்கள், தடித்த டயர்கள், மினுங்கும் ரிம்கள். வாசலில் ஒருவர் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு கம்பியைச் சுண்டினார். டிங். உடனே என் மூக்கில் ஈரத்தோல் வாடை ஏறியது. காதில் விழுந்தது மூக்கில் எப்படி மணக்கும் என்று கேட்காதீர்கள். அந்தச் சத்தமும் அந்த வாடையும் ஒரே நாளில் எனக்குள் நுழைந்தவை. பிறகு பிரிந்ததே இல்லை.

நம் ஆஸ்பத்திரியின் ஊரகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நோயைப் பற்றி வகுப்பில் சொல்லித் தருவார்கள், மருந்தைப் பற்றியும். முழங்கால் தேய்ந்து, ஐம்பதைத் தாண்டியதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட இந்தச் செவிலியிடம் சொல்ல மிச்சம் இருப்பது, ஒருமுறை சக்கரம் வாங்கிய கதைதான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள். உங்களுக்கு ஸ்கூட்டர் இருக்கிறது, ஜீப் இருக்கிறது. இருந்தாலும் படியுங்கள்.

எழுபதுகளின் கடைசி. வீடு ஆம்பூரில். மற்ற நாட்களில் ஊரைச் சுற்றியுள்ள சேரிகளிலும் கிராமங்களிலும் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் மலைச் சுற்று. ஆலங்காயம் வரை பஸ். சைக்கிள் பஸ்ஸின் கூரைமேல், வாழைத்தார்களோடு கயிற்றில் கட்டப்பட்டு, எனக்கு முன்பே காற்று வாங்கிக்கொண்டு வரும்.

"சிஸ்டரு, சைக்கிளுக்கும் டிக்கெட் போட்டுறட்டா?" என்பார் கண்டக்டர்.

"அது மேல படுத்துக்குனு வருதுப்பா. படுக்கைக்குத் தனி ரேட்டு வெச்சிருக்கீங்களா?"

ஆலங்காயத்துக்கு அப்பால் ஏற்றம். தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனபின் ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில் கல்லும் வேரும் நிறைந்த தடம், அங்கே மிதிக்கலாம். வழியில் ஓடைகள். கோடையில் கணுக்கால் அளவு, மழையில் அச்சு முழுகும் அளவு. அந்தத் தண்ணீரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் என் பின்சக்கரம் என்னை விட்டுவிடத் தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 'டக்' என்று ஒரு கம்பி ஒடியும். சக்கரம் கோணும். பிரேக்கில் உரசும். பிறகு நகராது. ஒரு வெள்ளிக்கிழமை பாதி ஏற்றத்தில் திரும்பினேன். இன்னொரு வெள்ளிக்கிழமை அடிவாரத்தையே தாண்டவில்லை. ரோட்டோரக் கடைகளில் கம்பி மாற்றிக் கொடுப்பார்கள்; அடுத்த வாரம் பக்கத்துக் கம்பி ஒடியும்.

எங்கள் டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. ஆனால் அவர் மேசைமேல் இருந்த ஊர்கள் நிறைய, ஆட்கள் கொஞ்சம்.

"எஸ்தர், மறுபடியும் ஒரு வெள்ளிக்கிழமை போச்சுன்னா மலைச் சுற்றை நிறுத்திடுவோம். மாத்திரை வேணுங்கறவங்க ஆலங்காயத்துக்கு இறங்கி வரட்டும்."

"மல்லியால இறங்க முடியாது டாக்டர்."

மல்லி மலைமேல் கடைசிக் குடியிருப்பில் இருந்தாள். காசநோய். மடியில் பால் குடிக்கும் குழந்தை. மாதக்கணக்காக மாத்திரை சாப்பிட்டும் சளியில் கிருமி போகவில்லை. எடை ஏறவில்லை. மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

"அவளுக்கு மருந்தே கேக்கலையே. கீழ டிபி ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு நெனைக்கறேன்."

"குழந்தைய விட்டுட்டா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அவர் அதைத்தான் செய்வார்.

"சக்கரத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கறேன். ஒரு ஜோடிக்கு. பாத்து வாங்கு. திரும்பக் கேட்டா கிடைக்காது." பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஸ்டோர்ல ஒரு ஜோடி அலுமினிய சக்கரம் கெடக்குது. ஊருக்குத் திரும்பின வெள்ளைக்கார டாக்டர் விட்டுட்டுப் போனது. காசே வேணாம். அதை வேணா எடுத்துக்கோ" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஒரு கையில் தூக்கினேன். அப்பா, என்ன லேசு! முறத்தைத் தூக்குவது போல இருந்தது. ஏற்றத்தில் இதைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்தாலே முதுகு இளைப்பாறியது.

ஆனாலும் அன்றைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. காதர் பாய் கடைக்குப் போனேன். ஆம்பூர் கடைத்தெருவில் தோல் மூட்டை ஏற்றும் சைக்கிள்களுக்கெல்லாம் சக்கரம் கட்டுபவர் அவர். கதையைக் கேட்டதும் உள்ளே போய், கேரியர் வண்டிச் சக்கரம் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அது நடந்து வந்தது என்றே சொல்லலாம், அவ்வளவு கனம்.

"இதுல பச்சைத்தோல் மூட்டைய ஏத்தி பேரணாம்பட்டு வரிக்கும் போறானுங்கம்மா. அசையாது. நீ இன்னா, அதுல பாதி வெயிட்டு கூட இல்ல."

தூக்கிப் பார்த்தேன். முழங்கால் அளவுக்கு மேல் வரவில்லை.

"பாய், இத மலைமேல தள்ளிக்குனு போனா, மேல போய் நான் பேஷண்டு ஆயிடுவேன்."

"அப்ப இன்னாதான் வேணும் உனக்கு? லேசா இருந்தா ஒடியும். ஸ்ட்ராங்கா இருந்தா கனக்கும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

புதன்கிழமை மதியம். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் வியாழன் மட்டும்தான். கடைக்கு வெளியே தோல் ஏற்றிய சைக்கிள்கள் முனகிக்கொண்டே போயின. லேசா, கனமா? எல்லோரும் என்னிடம் அதையே கேட்டார்கள். எனக்குள் மட்டும் வேறு ஒரு கேள்வி ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நம் தொழிலில் ஒருத்தர் படுத்தால், எந்த மருந்து என்று கேட்பதற்கு முன் எங்கே ஆரம்பித்தது என்றுதானே கேட்கிறோம்?

"பாய், பழைய சக்கரம் ஏன் செத்துச்சுன்னு பாத்துட்டுப் புதுசு வாங்கலாமே."

"இன்னாம்மா இது, சைக்கிளுக்குப் போஸ்ட்மார்ட்டமா?"

"ஆமா. அறுங்க."

சிரித்துக்கொண்டே டயரைக் கழற்றினார். ட்யூபை உருவினார். சிரிப்பு நின்றது. ரிம்முக்குள், கம்பி முனைகள் ட்யூபைக் குத்தாமல் இருக்க ஒரு பட்டை சுற்றியிருப்பார்கள். வழக்கமாக ரப்பர், இல்லாவிட்டால் துணி. என் சக்கரத்தில் இருந்தது தோல். மெல்லிய, நீலச்சாயை ஓடிய குரோம் தோல். இரண்டு முனையும் சேரும் இடத்தில் சின்னச் சின்னத் தையல், அரிசி அரிசியாக.

பாய் அதை உரித்தார். வாடை கடை முழுக்கப் பரவியது. ஓடைத் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொண்டு, என்றைக்கும் காயாமல், உப்பும் புளிப்புமாக ஊறிப்போன தோல். அதன் அடியில் கம்பிகளை முறுக்கிப் பிடிக்கும் திருகுகள் ஒவ்வொன்றும் துருவேறி, வெள்ளை பூத்து, ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தன. சாவி போட்டால் திரும்பாது. திரும்பாததால் தளர்ந்த கம்பி தளர்ந்தே கிடந்தது. தளர்ந்ததன் பாரத்தைப் பக்கத்துக் கம்பி தாங்கியது. தாங்கித் தாங்கி ஒடிந்தது.

பாய் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சக்கரத்துக்கும் செருப்பு தைச்சுப் போட்டிருக்கான்யா! நம்ம ஆம்பூரான விட்டா வேற எவனுக்கு இந்த யோசனை வரும்? யாரும்மா போட்டது?"

அரிசித் தையல். கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் தைத்துக் கொடுத்த என் பையின் வாரில் அதே தையல் இருக்கிறது.

"தெரியல பாய்."

பாய் என் முகத்தைப் பார்த்தார். பட்டையை மடித்து என் பையில் போட்டார்.

கேள்வி மாறிவிட்டது. என் சக்கரம் பலவீனத்தால் சாகவில்லை என்றால், கேரியர் வண்டியின் கனம் எனக்கு எதற்கு? அலுமினியச் சக்கரத்தைப் பற்றியும் பாயிடம் கேட்டேன்.

"அந்த அளவுக்குக் கம்பி, டயரு ஆலங்காயத்துல கிடைக்குமா பாய்?"

"ஆலங்காயத்துலயா? மெட்ராஸ்லயே நாலு கடை ஏறி எறங்கணும்."

அப்போது முடிவாகிவிட்டது. எல்லாக் கடையிலும் தொங்குகிற சாதாரண இரும்பு ரிம் ஒரு ஜோடி. மினுமினுப்புக்குப் போகாமல் மிச்சமான பணத்தைப் பின்சக்கரத்தில் போட்டோம். ஆளும் மருந்துப் பெட்டியும் உட்காருவது அதன் மேல்தான். அதற்கு மட்டும் தடிக் கம்பி. கம்பிகள் ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் மெல்லிய கம்பி சுற்றி ஈயப் பற்று. முன்சக்கரத்துக்குச் சாதாரணக் கம்பி போதும். உள்ளே துணிப் பட்டை. சீட்டுக்கடியில் மாற்றுக் கம்பிகள் ஒரு கட்டு.

வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் புருவம் ஏறியது.

"சும்மா குடுத்தத வேணாங்கற?"

"கெட்டே போகாத சக்கரம் எங்கயும் இல்ல டாக்டர். கெட்டா, மலைக்கு முன்னாடி இருக்கற கடைசிக் கடையில சரி பண்ணிக்குனு போற சக்கரம்தான் எனக்கு வேணும்."

"நாளைக்குப் போய்ட்டு வந்து இதே மாதிரி பேசு" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நடுவில் புதன்கிழமை சாயங்காலம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னால் வெள்ளிக்கிழமைக்குப் போக முடியாது.

என் வீட்டுக்காரர் தேவராஜ் தோல் கம்பெனியில் வேலை. அதிகம் பேசமாட்டார். அவர் கோபம், சந்தோஷம், ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும் அவசரம் எல்லாம் ஒரே குரலில்தான் வரும். பட்டையைப் பற்றி அவரிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"பையில இன்னா, ப்ளூ வாசம் அடிக்குது?"

ஈரக் குரோம் தோலை அவர்கள் ப்ளூ என்பார்கள். ஊரே அந்த வாசத்தில்தான் மிதக்கிறது. என் பையில் இருந்த ஒரு சாண் வாசத்தை அவர் மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தார். எடுத்து வைத்தேன். தையலைக் கட்டைவிரலால் தடவினார்.

"உள்ளாற இருந்து கம்பி ட்யூப குத்துதுன்னு சொன்னியே. நீ குளிக்கப் போனப்போ மாட்டனேன்."

"ம்."

"கம்பி ஒடிஞ்சது இதனாலயா?"

"ம்."

பட்டையைப் புரட்டிப் பார்த்தார். விரல் நுனிகளில் கழுவினாலும் போகாத அந்த நீலம்.

"ஈரத்தோல் பக்கத்துல இரும்ப வெச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா எஸ்தரு? எங்க செக்‌ஷன்ல பக்கெட்டு பிடி கூட நிக்காது, அரிச்சிடும். மத்தவன் சைக்கிளா இருந்தா யோசிச்சிருப்பேன். உன்னுதுன்னதும் குத்தக்கூடாதுன்னு ஒண்ணுதான் தோணுச்சு."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லை என்பது பொய். மலைமேல் மல்லி இருக்கிறாள். தப்பு என்று சொல்லவும் மனசில்லை. உள்ளே போய் மருந்துப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன் வைத்து ஆட்டிக் காட்டினேன். ஊசி மருந்துக் குப்பிகள் கலகலத்தன.

"இது மரப்பெட்டிதான். இதுல இரும்பு கிடையாது. தடத்துல போறப்போ குலுங்கி ஒடையுது. இதுக்கு உள்ள மெத்து வெச்சு ஒரு உறை தைங்க."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவெடுக்கத் தொடங்கிவிட்டார் என்று விரல்கள் போகிற விதத்திலேயே தெரிந்தது.

"ப்ளூ வேணாம். மரப்பட்டையில பதம் பண்ண தோல்ல தைக்கறேன்" என்றார். அதே குரல். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. புதுச் சக்கரம் ஏறியது. கல்லில் ஏறியது, வேரில் ஏறியது, ஓடையில் இறங்கிக் கரை ஏறியது. ஒவ்வொரு குடியிருப்பிலும் நிறுத்தி ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தேன். டிங். டிங். மல்லியின் குடிசையை அடையும்போது வெயில் தலைக்கு மேல்.

மல்லி குழந்தையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் இன்னும் அதே பள்ளம். அவள் புருஷன் சடையன் சாமை புடைத்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் நான் வர முடியலையே சடையா. மாத்திரை இல்லாம இன்னா பண்ணீங்க?"

"இல்லாம வுட்டுருவனா நானு?"

பெருமையோடு எழுந்து போய், கூரைச் செருகலிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து திறந்தான். உள்ளே மாத்திரைகள். எல்லாம் பாதி. அரிவாளால், பிசிறில்லாமல், நட்ட நடுவில் வெட்டிய பாதிகள்.

"நீ ஒரு வாட்டி வர்ற, ஒரு வாட்டி வர்ல. நம்பிக்குனு ஒக்கார முடியுமா? அதான் அவளுக்கு நாளுக்குப் பாதி. மீதிய எடுத்து வெச்சிருவேன். இன்னிக்கி வரிக்கும் ஒரு நாளு கூட அவள மாத்திரை இல்லாம படுக்க வுட்டதில்ல, கேட்டுப் பாரு."

மருந்து ஏன் கேட்கவில்லை என்று டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாரே, அதற்குப் பதில் இதோ, தகர டப்பாவில். என் கம்பிகள் ஒடிந்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த வீட்டில் அரிவாளாக மாறி மாத்திரையை வெட்டியிருக்கிறது.

பிள்ளைகளே, அந்த நிமிஷம் உங்களுக்கும் வரும். உங்களுக்குத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. திட்டுவதற்குத் தேவையான எல்லாச் சொல்லும் நாக்கில் வரிசையாக நிற்கும். எனக்கும் நின்றது. அதற்குள் அரிசி அரிசியான தையல் கண்ணுக்குள் வந்துவிட்டது.

"உன்ன மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க சடையா" என்றேன். "ஆனா பாதி மாத்திரைக்கு அந்தப் பூச்சி சாகாது. மயங்கிக் கெடந்துட்டு மறுபடி எழுந்துக்கும். கொஞ்ச நாள்ல முழு மாத்திரைக்கும் பயப்படாது. முழுசா குடுத்தாத்தான் சாகும். தினமும் நீயே உன் கையால குடு, அவ முழுங்கறத நின்னு பாரு."

"முழுசா குடுத்துட்டு, நீ வராம பூட்டா?"

இதற்குப் புத்தகத்தில் பதில் கிடையாது. அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். சைக்கிளைக் காட்டினேன்.

"சுண்டு."

சந்தேகமாக ஒரு கம்பியைச் சுண்டினான். டிங்.

"புதுசு. ஒடைஞ்சாலும் ஆலங்காயத்துலயே மாத்திக்கலாம். அதுவும் முடியாட்டி நடந்து வர்றேன்."

"வாய்க்கு இன்னா, எதுனா சொல்லும்" என்றான். ஆனால் இன்னொரு கம்பியையும் சுண்டிப் பார்த்தான்.

டப்பாவைக் கேட்டேன். மார்போடு அணைத்துக்கொண்டான். பிடுங்கவில்லை. அது கூரையிலேயே இருக்கட்டும், ஆனால் அதிலிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது, நான் வராத வாரம் மட்டும் திறந்து நாளுக்கு இரண்டு பாதியாகக் கொடுக்கலாம் என்று பேசி வைத்துவிட்டு இறங்கினேன். கீழே வந்து சொன்னபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றவில்லை. மலைச் சுற்றை நிறுத்தும் பேச்சையும் எடுக்கவில்லை. மல்லியைக் கீழே கொண்டுவருவதை மட்டும் தள்ளி வைத்தார். சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். கூட இருந்த சிலர், வெட்டி வைத்த மிச்ச மருந்தை நோயாளி வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமா என்றார்கள். அந்த டப்பாவைப் பிடுங்கியிருந்தால் சடையன் வேறு டப்பா தேடியிருப்பான், எனக்குத் தெரியாத இடத்தில் வைத்திருப்பான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு வெள்ளிக்கிழமைகள். மாங்காய்க் காலத்து வெள்ளி, சாமை அறுப்பு வெள்ளி, பனி வெள்ளி. தேவராஜ் தைத்த உறைக்குள் குப்பிகள் தொட்டில் குழந்தை போலச் சத்தமில்லாமல் வந்தன. மழைக்காலத்தில் ஒரு வெள்ளி, அடிவாரத்திலேயே முன்சக்கரத்தில் கம்பி ஒடிந்தது. உள்ளுக்குள் எல்லாமே ஒடிந்தது போல இருந்தது. ஆலங்காயம் கடையில் மாற்றிக்கொண்டு, நனைந்து, சாயங்காலத்துக்குத்தான் மேலே போய்ச் சேர்ந்தேன். குடிசைக்கு வெகுதூரம் முன்னாலேயே, தடம் திரும்பும் இடத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சடையன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. குனிந்து பின்சக்கரத்தில் ஒன்று, முன்சக்கரத்தில் ஒன்று சுண்டிக் கேட்டான். பிறகு சைக்கிளை என் கையிலிருந்து வாங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான்.

மல்லியின் கன்னத்துப் பள்ளம் மெதுவாக நிரம்பியது. சளி சுத்தமானது என்று டாக்டரம்மா சொன்ன வாரம், குழந்தை எழுந்து நின்று என் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஆடியது. இன்னும் சில மாதம் மாத்திரை தொடர வேண்டும், நிறுத்திவிடாதே என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். சைக்கிளைத் திருப்பினேன். பின்னால் செருப்பில்லாத கால்களின் ஓட்டம் கேட்டது.

"சிஸ்டரு! அடுத்த வெள்ளிக்கெழம?"

"வருவேன்."

சடையன் அந்தத் தகர டப்பாவை என் கேரியரில் வைத்து, கயிற்றுக்கடியில் செருகினான்.

"அப்ப இத நீயே எடுத்துக்குனு போ. வூட்ல எடத்த அடைக்குது."